தலைப்புக்குக் கிடைத்த சலுகை

நம்பிக்கை: அரசு சினிமாவுக்கு வரியை விட்டுக்கொடுத்தால், படத்தில் உழைப்பவர் கையிலும் நாலு காசு கூடும்.

உண்மை: 2006-ல், தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்றது தமிழக அரசு. ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனான். ‘ரோபோ’வாக வரவேண்டியது ‘எந்திரன்’ ஆனது. 2011-ல் ‘யு’ சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகள் கூடின. லைட்மேனுக்கு என்ன சம்பளம், ராத்திரி எத்தனை மணிவரை வேலை என்று ஒரு நிபந்தனையும் கேட்கவில்லை. தியேட்டர் கவுண்டரிலும் விலை இறங்கக் காணோம்.

தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிக்காரர்களுக்கு வரிச் சலுகையின் அருமை தெரியும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கிவிட்டார்கள். கட்டை அடுக்கும் பெண்ணின் கூலி என்ன என்று அந்தச் சலுகையும் விசாரிக்கவில்லைதான். ஆனால் வேலையைச் செய்தது கையா, மிஷினா என்றாவது பார்த்தது. சினிமாச் சலுகை பார்த்ததோ போஸ்டரை.

நம்பிக்கை: வரி போனால் நஷ்டம் கோட்டைக்குத்தானே, நமக்கென்ன?

உண்மை: அந்தக் கேளிக்கை வரியில் பெரும்பங்கு உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேரவேண்டியதாக இருந்தது. நம்மூர்த் தியேட்டரில் வரிவிலக்குப் படம் ஓடியபோது துண்டு விழுந்தது நகராட்சிக் கணக்கில்.

நம்பிக்கை: ஊரில் ஷூட்டிங் நடந்தால் ஊருக்கே வேலை.

உண்மை: கரிசல் காட்டில் கேமரா வைத்தாலும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் சென்னையில் சங்க கார்டு வைத்திருப்பவர்கள். ஊர்க்காரருக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலை, வண்டி வாடகை, சாப்பாட்டு ஆர்டர். வெளிநாட்டுப் படங்கள் இங்கே வந்து எடுக்கப்பட்டால் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாக 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. 15 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியர்களை வேலைக்கு வைத்தால் கூடுதலாக 5 சதவீதம். வேலைக்கும் சலுகைக்கும் முடிச்சுப் போட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அங்கும் தலையைத்தான் எண்ணினார்கள், கூலியை எண்ணவில்லை.

நம்பிக்கை: சினிமாக் கூலிக்குச் சட்டம் ஏது? எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

உண்மை: 1981-லேயே திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத்தான் வேலைக்கு வைக்கவேண்டும் என்றது அது. ஏஜென்ட் வழியாகப் போனவர் விஷயத்திலும் தயாரிப்பாளர் கழன்றுகொள்ள முடியாது என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்கிறது. பேப்பர் இல்லாமல் அடிபட்டால் என்ன ஆகும்? 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ‘இந்தியன் 2’ செட்டில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்தார்கள். அது பெரிய படம், நாடே பேசியது. பேர் தெரியாத படத்தின் செட்டில் விழுந்தவருக்காக யார் பேசுவார்கள்?

ஆகவே, கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று உங்கள் தெருவுக்கு வேன் வந்தால், பேட்டா எவ்வளவு, எத்தனை மணிவரை, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.