ஒருவர் கைக்கு அடங்கிய பாய்மரம்

நுழையும்முன்

காற்றின் விசையை மாற்ற மனிதனால் இயலாது. காற்றை ஏற்கும் பாயின் பரப்பை மாற்ற இயலும். அதை உரிய வேளையில், உயிருக்கு ஊறின்றிச் செய்ய வேண்டும். அதற்காகத் தம் சிறுபடகின் பாய்மரத்தையே மாற்றியமைத்த ஒருவரின் முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

தனியொருவரின் இடர்

காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்காவிட்டால் படகு சாயும், பாய் கிழியும், பாய்மரமும் முறியலாம். இக்காலச் சிறுபடகுகள் பலவற்றில் பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கங்களிலும் கம்பிவடங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். மரத்தின் முன்னும் பின்னும் முக்கோணப் பாய்கள் விரியும். முன்பாயை இறக்கிச் சிறிய பாயை ஏற்றுவதற்குப் படகோட்டி, அலை மோதும் அணியத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. தனியே செல்பவர் அங்குத் தவறி விழுந்தால், படகைத் திருப்பி மீட்க எவரும் இல்லை.

ஹாஸ்லர் கண்ட தீர்வு

இங்கிலாந்தின் கடற்படை வீரரான ஹெர்பர்ட் ஹாஸ்லர், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். அவருடைய 'ஜெஸ்டர்' என்னும் படகு 1953இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 25 அடி நீளமுடையது. முதலில் வேறொரு பாயமைப்பை அதில் பொருத்திப் பார்த்த ஹாஸ்லர், பின்னர்ச் சீனக் கடலோடிகள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் அமைப்பை ஏற்றார்.

அவர் நிறுத்திய ஒற்றைப் பாய்மரத்திற்குக் கம்பிவடங்கள் இல்லை. மரத்தின் அடி, தளத்தின் வழியே இறங்கிப் படகின் அடிப்பகுதியில் ஊன்றி நின்றது. காற்றின் விசை முழுவதையும் மரமும் அது தளத்தைக் கடக்கும் இடமும் தாங்கவேண்டும். ஆதலின் இத்தகைய மரம் பருத்ததாகவும், அவ்விடம் உறுதியானதாகவும் இருத்தல் இன்றியமையாதது. தடுக்கும் வடங்கள் இல்லாமையால் பாய் இருபுறமும் தடையின்றித் திரும்பும்.

பாயின் குறுக்கே சட்டங்கள் பல அமைந்து, அதனைப் பகுதிகளாகப் பிரித்தன. ஏற்றுக்கயிற்றைத் தளர்த்தினால் பாய் தன் எடையால் இறங்கி, விசிறிபோல் மடியும். இருபுறமும் தொங்கும் கயிறுகள் மடிந்த பகுதியைத் தாங்கிக்கொள்ளும். வேண்டிய அளவு இறக்கியபின் கயிற்றை மீண்டும் கட்டினால் போதும். பாயின் ஒரு சிறுபகுதி மரத்திற்கு முன்னே அமைவதால், பாயைத் திருப்பும் கயிற்றில் ஏற்படும் இழுவிசையும் குறையும். கயிறுகள் யாவும் படகின் நடுவிலுள்ள வட்டத் திறப்பிற்கு வந்து சேர்ந்தன. அதனுள் நின்றவாறே ஹாஸ்லர் பாயை ஆளமுடிந்தது.

கடல் வைத்த தேர்வு

தனியொருவராகப் படகு செலுத்துவதற்குரிய கருவிகள் வளரவேண்டும் என்னும் நோக்குடன், அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடக்கும் போட்டியை ஹாஸ்லர் முன்மொழிந்தார். 1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க் நோக்கி அப்போட்டி நடைபெற்றது. ஐவர் கலந்துகொண்டனர். ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள படகில் சென்ற பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாள்களில் முதலாவதாக வந்தார். ஹாஸ்லர் 48 நாள்களில் இரண்டாமிடம் பெற்றார்.

இவ்வமைப்பிற்குக் குறையும் உண்டு. காற்று வரும் திசையை நோக்கி முன்னேறுவதில் முக்கோணப் பாயே பெரும்பாலும் மேம்பட்டது. விரைவில் சிறிது இழந்து, பாதுகாப்பையும் எளிமையையும் பெறுவதே ஹாஸ்லர் செய்த தெரிவு.

1987இல் ஹாஸ்லர் மறைந்தார். இவ்வமைப்பைப் பற்றி அவரும் மெக்லியோடும் இணைந்து எழுதிய நூல் 1988இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜெஸ்டர் அட்லாண்டிக்கில் இழக்கப்பட்டது. எனினும் அதே வடிவில், அதே பாயமைப்புடன் மற்றொரு படகு கட்டப்பட்டது. கருவிக்கேற்ப மனிதன் இடருறுவதைக் காட்டிலும், மனிதனுக்கேற்பக் கருவியைத் திருத்துவது அறிவுடைமை என்பதற்கு ஜெஸ்டர் சான்றாகும்.

கற்பவை கற்றபின்

1. கம்பிவடங்கள் தாங்கும் பாய்மரத்தையும் தானே நிற்கும் பாய்மரத்தையும் ஒப்பிட்டு, நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்துக.
2. உம் வீட்டிலோ ஊரிலோ ஒருவர் தனியே கையாளக் கடினமான கருவி ஒன்றைக் கண்டு, அதை எளிதாக்கும் வழியை எழுதுக.