எட்வர்ட் லியரின் கல்லச்சுக் கிளிகள்: நம்பிக்கையும் உண்மையும்

வேடிக்கைக் கவிதைகளாலும் கோணல்மாணல் சித்திரங்களாலும் குழந்தைகளைச் சிரிக்கவைத்த எட்வர்ட் லியர், அதற்கு முன்பே லண்டன் உயிரியல் பூங்காவில் உட்கார்ந்து கிளிகளை வரைந்தவர். 1830 முதல் 1832 வரை 42 கிளிப் படங்களை லித்தோகிராஃப் முறையில் வெளியிட்டார். தொடங்கியபோது அவருக்கு வயது 18. இந்தப் படங்களைத் தேடி வாங்குகிறவர்களிடம் சில தவறான எண்ணங்கள் ஊறிக் கிடக்கின்றன.

லித்தோகிராஃப் என்றால் ஓவியத்தின் நகல்தானே என்பார்கள். லியருக்கு இது பெரிய அநியாயம். உயிருள்ள கிளியைப் பார்த்து வரைந்தவர், கொழுப்புக் கலந்த க்ரேயானை எடுத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேலும் தானே வரைந்தார். கல்லை நனைத்து மை உருட்டினால், க்ரேயான் பட்ட இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரம் மையை ஏற்காது. சார்ல்ஸ் ஹல்மண்டலின் அச்சகத்தில் தாளில் இறங்கியது லியர் கைபட்ட கோடேதான். 175 படிகள் எடுத்ததும் கல்லிலிருந்த படத்தை அழித்துவிட்டார்கள்.

பென்சில் கையெழுத்தும் படி எண்ணும் இல்லாவிட்டால் போலி என்பது இன்னொரு நம்பிக்கை. அந்த வழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். லியரின் பெயர் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். பென்சில் எண் போட்ட லியர் கிளியைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும். தாளின் ஓரத்தில் தகடு அழுந்திய தடம் வேண்டும் என்பதும் செப்புத்தகட்டு அச்சுக்கே பொருந்தும்.

நிறமும் அச்சில் வந்ததல்ல. கோடும் நிழலும் அச்சு. நிறம் ஒவ்வொரு படியிலும் தூரிகையால் தீட்டியது. சிவப்பும் மஞ்சளுமான மக்காவ் கிளியின் இறகைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். க்ரேயான் தடம் சொரசொரப்பாக, ஒழுங்கற்ற துணுக்குகளாகத் தெரியும். அதன்மேல் நீர்வண்ணம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வரிசை பிசகாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், அது பிற்கால ஆஃப்செட் அச்சு. அழகாக இருக்கலாம். ஆனால் லியர் காலத்துக் கல்லச்சின் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

வேடிக்கைச் சித்திரங்களிலும் இதே கவனம் வேண்டும். அவருடைய 'எ புக் ஆஃப் நான்சென்ஸ்' 1846இல் முதலில் வந்தபோது கல்லச்சு. 1861 பதிப்பிலோ டால்சீல் சகோதரர்கள் மரக்கட்டையில் செதுக்கிய அச்சு. அதிலிருந்து கிழித்த தாளையும் 'லியர் லித்தோகிராஃப்' என்று யாராவது நீட்டினால் ஏமாறாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன், சட்டத்தைக் கழற்றித் தாளைக் கையில் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.