புற்றுநோய் என்று தெரிந்ததும் படுக்கையா, நடையா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ தொடங்கப் போகிறது. உடற்பயிற்சி கூடாது என்கிறார்கள் உறவினர்கள். சரியா? — வாசகர், கோபிநத்தம்

சரியல்ல. கீமோ தரும் அசதியை உடற்பயிற்சி குறைக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 850 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு 2022-இல் வெளியானது: வழக்கமான பயிற்சியோடு யோகாவும் சேர்த்தவர்களிடம் பலன் கூடுதல்.

பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் நடை: வாரம் மூன்று நாள், அரை மணி. முதல் வாரம் 10 நிமிடமே போதும். இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. சிகிச்சைக்குப் போகும் நாளிலேயே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து, உடலுக்கேற்ற அட்டவணை வாங்கிவிடலாம். அறுவைக்குப் பின் தோள் இறுகாமலிருக்க அவர் மேற்பார்வை மிக அவசியம். கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.