மலை கிராமத்துக்கு நடக்கப் போறீங்களா? முதலில் உங்கள் முழங்காலைக் கேளுங்கள்!

லீவு விட்டால் கொடைக்கானலுக்கு பஸ் ஏறி, ஏரியைச் சுற்றி, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிய காலம் போய்விட்டது. இப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பஸ் போகாத மலை கிராமங்களுக்கு நடந்தே போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த உடம்பை ஒரே நாளில் மலையில் ஏற்றினால் அது சும்மா இருக்குமா?

உதாரணத்துக்கு வெள்ளகவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் உள்ள ஊர் இது. தலைமுறை தலைமுறையாகக் கால்நடையாகவே போய்வந்த ஜனங்கள். காபி, ஆரஞ்சு விளைவிப்பார்கள். மூட்டைகள் குதிரை முதுகில் ஏறும். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊரே அவர்களுக்குக் கோயில் மாதிரி. இப்படிப்பட்ட ஊருக்குப் போக என்னென்ன தயார் செய்யணும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலைகீழ் மலை

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக வெள்ளகவிக்குப் போகிறவர்கள் முதலில் இறங்குகிறார்கள். 'அட, சுலபமா இருக்கே' என்று தோன்றும். ஏற்றம் காத்திருப்பது திரும்பும்போதுதான். அதுவும் கால் களைத்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் ஏறிய பிறகு! ஆகவே இறங்கும்போதே பாதித் தெம்பையும் பாதித் தண்ணீரையும் மிச்சம் வைக்கணும்.

ஏற்றம் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கும். இறக்கம் தொடைத் தசையையும் முழங்காலையும் சோதிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குவதால் அதற்கு நுண்ணிய காயங்கள் ஏற்படும். அதனால்தான் வலி அன்றைக்குத் தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ 'உட்கார முடியலையே' என்று அழ வைக்கிறது.

இதற்கு மருந்து பயிற்சிதான். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். தினம் அரை மணி நேரம் வேக நடை. வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி ஏறுங்கள். மெதுவாக இறங்கியும் பழகுங்கள். கடைசி இரண்டு வாரம் பையையும் மாட்டிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்குப் பையின் எடை உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். 60 கிலோ ஆள் என்றால் 6 கிலோ. கையில் ஒரு மூங்கில் கழி இருந்தால் முழங்காலின் பாரம் குறையும்.

எவ்வளவு வேகம்? பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

அடக்கக் கூடாத வேகங்கள்

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. வேகம் என்றால் உடம்பின் இயற்கையான உந்துதல். அதை அடக்கினால் நோய் வரும். பசி, தண்ணீர் வேட்கை, சிறுநீர், இளைப்பு எல்லாம் அதில் சேர்த்தி. மலைப்பாதையில் நாம் அடக்குவது சரியாக இந்த நான்கைத்தான்!

குறிப்பாகப் பெண்கள். 'ஒதுங்க இடமில்லையே' என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இதனால் நீர்க்கடுப்பும் தலைவலியும் மயக்கமும் வரும். கூட்டமாகப் போகிறவர்கள் ஒரு மணிக்கு ஒரு முறை நின்று, பெண்கள் ஒதுங்க வசதி செய்து கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். கூச்சத்தைவிட உடம்பு பெரிசு.

நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். மடக் மடக்கென்று வேண்டாம், வாய் வாயாக. வியர்வை அதிகமானால் வீட்டிலேயே உப்பு-சர்க்கரைத் தண்ணீர் தயாரிக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. வாயில் ஒதுக்கிக்கொள்ள உலர்ந்த நெல்லிக்காய் நல்லது, நாவறட்சி தணியும்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு. தேற்றான்கொட்டையை இழைத்துப் போட்டால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. கொதிக்க வைத்தே குடியுங்கள்.

யார் ஏறக் கூடாது?

'மூச்சு வாங்குது, நெஞ்சு இறுக்குது. மலைக்காற்று ஒத்துக்கலை போல' என்று பலர் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இது ஆபத்தான சமாதானம். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர்தான். எனவே நம் ஊர் மலையில் நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் மலையின் மேல் பழி போடாதீர்கள். இதயம் எச்சரிக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நடையை அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், 40 வயது தாண்டிய புதியவர்களும் பரிசோதனை செய்துகொண்ட பிறகே புறப்படணும். ரோடு இல்லாத ஊரில் நீங்கள் விழுந்தால், நாலு பேர் தோளில் சுமந்துதான் உங்களை ரோட்டுக்குக் கொண்டுவரணும் என்பதை மறக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு ஆபத்து. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும். அன்று இரவு தூக்கத்தில்கூட இறங்கலாம். கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிடுங்கள். மருந்து அளவை டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள்.

இரண்டாவது ஆபத்து, பாதம். என்னிடம் 52 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மலை கிராமம் ஒன்றில் ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்துச் செருப்பைக் கழற்றி நடந்திருக்கிறார். முள் ஏறியது தெரியவே இல்லை. மூன்றாம் நாள் காலுறை ஈரமான பிறகுதான் பார்த்தார். "ஐயா, ஏதாவது தைலம் கொடுங்க, ஆறிடும்" என்றார். தைலம் கொடுக்கவில்லை. அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். கால் தப்பியது. ஆனால் புண் ஆற இரண்டு மாசம் ஆச்சு.

அப்படியானால் ஊர் வழக்கத்தை மீறலாமா? கூடவே கூடாது. பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் எல்லைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். மற்றவர்கள் கழற்றி நடக்கலாம். வெளியே வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் கழுவித் துடைத்துப் பாருங்கள்.

அட்டை, பாம்பு, மூலிகை

அட்டை கடித்தால் பயம் வேண்டாம். பிய்த்து இழுக்காமல், வாய்ப் பக்கத்தில் நகத்தை நுழைத்து மெல்ல நகர்த்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் உண்டு. அதனால் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பாம்பு கடித்தால்? சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், பச்சிலை தேடாதீர்கள். கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் சிம்பு வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கி வந்து, விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். போன் எடுக்கும் இடத்தில் 108-ஐ அழையுங்கள்.

மூலிகை பறிக்கும் ஆசையும் வேண்டாம். செங்காந்தள் பூ நம் மாநில மலர். அதன் கிழங்கோ உயிரைக் குடிக்கும் நஞ்சு. நாங்களே அதைச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்க்கிறோம்.

குளிரும் களைப்பும்

குறிஞ்சி நிலத்தில் சுரமும் கபமும் வரும் என்பது சித்தர்கள் கணிப்பு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மாலைக் காற்றில் உட்காராதீர்கள். உடனே உலர்ந்த துணிக்கு மாறி, சுக்கு மல்லிக் காபி ஒரு டம்ளர் சூடாகக் குடியுங்கள்.

இரவில் வெந்நீரில் நொச்சி இலை போட்டுக் காலை நனையுங்கள். தொடை, கெண்டைக்காலில் இளஞ்சூடான நல்லெண்ணெயை மெல்லத் தடவலாம். காயம், வீக்கம் உள்ள இடத்தில் தேய்க்கக் கூடாது. வீடு திரும்பியதும் இரண்டு நாள் கொள்ளு ரசம் வைத்துச் சாப்பிடுங்கள். வலி கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் கைவைத்தியம் வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கடைசியாக ஒன்று. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். வனத்துறை அனுமதியும், பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் காலடி வைக்காதீர்கள். கோடையில் அனுமதி இல்லை என்றால், மழை முடியட்டும் என்று காத்திருங்கள். அதுவரை மாடிப்படி இருக்கிறது, நாளைக்கே ஆரம்பியுங்கள்!