பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

திருமுல்கேரி மக்களுக்கு முன்பு பேகம்பேட்டை விமான நிலையம் கிட்டத்தில் இருந்தது. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். இப்போது ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். சீக்கிரமே கிளம்பிப் போய்க் காத்திருக்கிறார்கள்.

துபாய்க்கு முதல் தடவை வேலைக்குப் போகும் ஒரு கொத்தனார். அவர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார். முன்னால் நிற்பவர் செல்போனைத் தட்டில் வைக்கிறார். இவரும் வைக்கிறார். கேட்க வெட்கம். கண்தான் வாத்தியார். இது நல்லதுதான்.

ஆனால் எல்லாவற்றிலும் அப்படிச் செய்ய முடியாது. முன்னால் நிற்பவர் மஸ்கட் போகிறவராக இருக்கலாம். போர்டிங் பாஸில் கேட் நம்பர் இருக்கிறது. அதை அவரே படிக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட் மாறுவதும் உண்டு. அறிவிப்புப் பலகையையும் பார்க்க வேண்டும்.

ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். ஊர் கேட்கிறார். பிறகு மெல்லச் சொல்கிறார்:

“அண்ணா, என் பெட்டியில் எடை கூடிப்போச்சு. இந்தப் பொட்டலத்தை உங்க பையில் வையுங்க. அங்கே வாங்கிக்கிறேன்.”

மறுக்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும். உள்ளே கசகசா இருந்தாலே ஆபத்து. இங்கே அது குழம்புக்கு அரைக்கும் சாமான். துபாயில் அது தடை செய்த பொருள். அபின் எடுக்கும் செடியின் விதை அது. சோதனையில் பை யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். பொட்டலம் கொடுத்தவர் கூட்டத்தில் மறைந்து போயிருப்பார்.

விமானம் தரையைத் தொட்டதும் பலர் எழுந்து நிற்பார்கள். கொத்தனார் அவர்களைப் பார்த்து எழ வேண்டாம். பெல்ட் விளக்கு அணையட்டும். கதவு திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.