தீப்பெட்டியால் பெயர் பெற்ற ஊர்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, சன்னல் ஓரமாக உட்கார்ந்து நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று பழக்கமான பெயர்களாக வரும். அடுத்த நிலையம் 'விம்கோ நகர்'. அதற்கடுத்து மறுபடியும் கத்திவாக்கம், எண்ணூர். நடுவில் இந்த ஒரு பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? அது ஊர்ப் பெயரும் அல்ல, ஆள் பெயரும் அல்ல. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது 'விம்கோ'. 'மேட்ச்' என்றால் தீக்குச்சி. மேற்கு இந்தியக் கம்பெனிக்குக் கிழக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

விடை ஒரு வரியில் இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் வீடுகளில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பாலானவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. 1922-இல் அன்றைய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. அந்தக் காலத்து ரூபாய்க்கு 192 தம்படி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பெட்டிக்கு இரண்டு தம்படி வரி! காசுக்குக் காசு எண்ணி விற்கும் பொருளுக்கு இது பெரிய சுமை. உடனே சுவீடன்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். சரக்கைக் கொண்டுவந்தால்தானே வரி? ஆலையையே கொண்டுவந்துவிட்டால்? இவ்வாறு 1923-இல் பம்பாயில் தோன்றியதுதான் விம்கோ. முதலில் பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் ஆலை எழுந்தது. பிறகு நாட்டின் வேறு பகுதிகளிலும் ஆலைகள் வந்தன. அவற்றுள் ஒன்று திருவொற்றியூருக்கு வந்தது.

திருவொற்றியூர் புதிய ஊர் அல்ல. தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உள்ள பழைய தலம். கரையோரம் மீனவர் குப்பங்கள். ஆனால் ஆலை கட்டுபவர் கண்ணுக்கு அங்கே வேறு சில தெரிந்தன. தெற்கே சிறிது தூரத்தில் துறைமுகம். ஊரை ஒட்டி வடக்கே போகும் இருப்புப்பாதை. மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதில் உப்பும் விறகும் படகில் வந்துகொண்டிருந்தன. தீக்குச்சி ஆலைக்கு வேண்டியவை மரமும் ரசாயனங்களும். மரம் கனமானது, அதைத் தரை வழியே நெடுந்தூரம் இழுத்துவர முடியாது. அந்தமான் காடுகளின் மென்மரங்கள் கப்பலில் வரும் என்றால், துறைமுகத்தின் பக்கத்தில் இருப்பதே இலாபம்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆலைகளை வரவழைத்த அதே துறைமுகம் குப்பங்களின் கரையை அரித்தது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. கடலுக்குள் நீட்டிக் கட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. மெரினாவில் நாம் ஓடி விளையாடும் மணலில் ஒரு பங்கு திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சேரவேண்டியது என்றால் மிகையாகாது.

ஆலைக்குத் திரும்புவோம். ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், இவற்றைப் பிணைக்கும் பசை. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்ததுதான் இதன் சூட்சுமம். உரசும்போது எழும் வெப்பத்தில் பாஸ்பரஸின் ஒரு துணுக்கு தீப்பற்றுகிறது, அந்தச் சூட்டில் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது, கந்தகம் எரிகிறது, தீ மரத்துக்குத் தாவுகிறது. இதற்கு முன்பிருந்த குச்சிகளில் எல்லாவற்றையும் முனையிலேயே வைத்தார்கள். அதற்கு வெள்ளை பாஸ்பரஸ் வேண்டும். அந்த நஞ்சு தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுக வைத்தது. இந்தியாவில் 1913-இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். பாதுகாப்பான முறையைச் சுவீடனில் 1844-இல் குஸ்தாவ் பாஷ் என்பவர் கண்டறிந்தார். அங்குள்ள யான்சோபிங் நகரின் ஆலை அதை உலகெங்கும் பரப்பியது. அந்த நாட்டுக்காரர்களுக்குத் தீக்குச்சியில் இருந்த பிடிப்பு இப்படித் தொடங்கியதுதான்.

ஆலைக்குள் மரக்கட்டையைப் பென்சில் சீவுவதுபோல் சுற்றிச் சுற்றிச் சீவி, மெல்லிய ஏடாக உரித்து, குச்சிகளாக வெட்டுவார்கள். குச்சி மரம்தானே என்று நினைக்கவேண்டாம். அதை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உலர்த்தியிருப்பார்கள். அதனால்தான் அணைத்த பிறகு குச்சியில் கங்கு நிற்பதில்லை. மருந்துக்குக் கீழே மெழுகில் தோய்த்திருப்பார்கள். தீ தாவுவதற்கு அது உதவுகிறது. பெரிய இயந்திரத்தில் துளையிட்ட இரும்புப் பட்டைகள் முடிவில்லாத சங்கிலியாக ஓடும். குச்சிகள் துளைகளில் செருகப்பட்டு, மெழுகில் முங்கி, மருந்தில் முங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் மேலும் கீழுமாகப் பயணம் செய்து உலர்ந்து, கடைசியில் பெட்டிக்குள் விழும். கடற்காற்றின் ஈரத்தைப் பசை இழுத்துக்கொள்ளும். ஆகவே இங்கே வெயிலை நம்பாமல் இயந்திரத்தை நம்பியது சரியே.

இத்தகைய ஆலையைச் சுற்றி எழும் குடியிருப்புக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். சம்பள நாளன்று மளிகைக் கடைக் கணக்கு தீரும். தொழிற்சாலைச் சட்டம், ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி, போனஸ், தொழிற்சங்கம் என்று வேலைக்கு ஒரு காப்பு இருந்தது. சுற்றுப்புறத்தில் வேறு ஆலைகளும் சேர்ந்தன. 1946-இல் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கூடமாக இதே திருவொற்றியூரில் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனி ஆயிற்று. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள். ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு இது நல்ல காலமாகவே இருந்தது. தீக்குச்சியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதை அறிய தெற்கே முந்நூறு மைலுக்கு மேல் போகவேண்டும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் மழை குறைவு, வெயிலுக்குப் பஞ்சமில்லை, விவசாயம் கைகொடுக்காததால் கைகளுக்கும் பஞ்சமில்லை. இயந்திரம் செய்ததையெல்லாம் அங்கே விரல்கள் செய்தன. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாமே கைவேலை. கூலி மாதக் கணக்கில் அல்ல, எண்ணிக்கைக் கணக்கில்.

விடுதலை அடைந்த காலத்தில் நாட்டின் தீப்பெட்டியில் பாதிக்கு மேல் விம்கோவுடையது. பின்பு அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. கை, இயந்திரத்தை எப்படி வென்றது? மறுபடியும் வரிதான். 1934 முதல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் தீர்வை வந்திருந்தது. 'பேண்டரோல்' என்ற வரிச்சீட்டை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டவேண்டும். விடுதலைக்குப் பின் ஆலைகளை உற்பத்தி அளவுப்படி வகுப்புகளாகப் பிரித்து, சிறியவற்றுக்குக் குறைந்த தீர்வை வைத்தார்கள். வறண்ட சீமைக்கு வேலை தருவது நோக்கம். நல்ல நோக்கம் என்பதை யார் மறுப்பார்? ஆனால் வகுப்பு இறங்குவதற்காகவே ஒரே முதலாளி தன் ஆலையைப் பல சிறு ஆலைகளாகப் பிரித்துக் காட்டியதும் நடந்தது. அந்தச் சட்டங்களின் முன் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்களில் உங்களைவிடச் சிறிய பிள்ளைகள் ஏராளம். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் அவர்களை அமர்த்தக்கூடாது என்றது. சிவகாசி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தீக்குச்சி மலிவாகக் கிடைத்தபோது அதன் விலையில் ஒரு பகுதியைப் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை கட்டிக்கொண்டிருந்தது என்றுதான் நான் எண்ணுகிறேன். வரிச்சலுகை அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

ஜி.எஸ்.டி. வந்த 2017-இலும் இந்த வேறுபாடு தொடர்ந்தது: கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் ஒரே 12 ஆயிற்று. அதற்குள் கோவில்பட்டிப் பக்கத்திலும் தானியங்கி இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. 2021 டிசம்பரில், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது.

விம்கோவோ 2005-இல் சுவீடன்காரர் கையிலிருந்து ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு மாறியது. ஊர் மட்டும் பழைய பெயரை விடவில்லை. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ ரயில் பாதை 2021 பிப்ரவரியில் வடக்கே நீண்டபோது, அதன் கடைசி நிலையத்துக்கு விம்கோ நகர் என்றே பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு அதற்கும் அப்பால் இன்னொரு நிலையம் திறந்தது. அதன் பெயர் 'விம்கோ நகர் பணிமனை'.