கோழிச் சத்தத்தில் கணினி என்ன கேட்கிறது?

நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் சளி நோயை முதலில் பிடிப்பது பெரும்பாலும் காதுதான். ராத்திரி விளக்கு அணைந்து கோழிகள் அடங்கியபின் ஷெட்டுக்குள் அசையாமல் நின்றால், தும்மலும் மூச்சின் கொரகொரப்பும் தனியாகக் கேட்கும். எந்த வரிசையிலிருந்து வருகிறது என்பதை அனுபவமுள்ளவர் உடனே சொல்லிவிடுவார். அந்தக் காதைக் கணினிக்குக் கொடுக்கும் முயற்சி பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதைப் பற்றிய நம்பிக்கைகளோ ஆய்வுகளை முந்திக்கொண்டு ஓடுகின்றன.

நம்பிக்கை: கோழி பேசுவதைக் கணினி மொழிபெயர்த்துவிட்டது.

2023-ல் ஜப்பானில் ஏட்ரியன் சியோக் தலைமையிலான குழு, 80 கோழிகளின் ஒலிகளைக் கொண்டு பசி, பயம், கோபம், நிறைவு, உற்சாகம், துயரம் என்ற ஆறு நிலைகளைச் சுமார் 80 விழுக்காடு சரியாகப் பிரித்ததாக அறிவித்தது. மற்ற அறிஞர்கள் மதிப்பிடும் முன்பே வெளியான முன்வரைவு அது. செய்திகளில் அது 'மொழிபெயர்ப்பு' ஆகிவிட்டது. மென்பொருள் செய்தது வகைபிரிப்பு மட்டுமே. மனிதர்கள் பெயரிட்டுக் கொடுத்த ஆறு பெட்டிகளில் ஒன்றில் ஒலியைப் போடும். ஏழாவதாக ஒன்று இருந்தால் அதற்குத் தெரியாது.

அதற்காகக் கோழிச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் எழுப்பும் எச்சரிக்கை வேறு, தரையில் வரும் விலங்குக்கு எழுப்புவது வேறு. கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் மூவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குரல்களைப் பதிவுசெய்து பெட்டைக்கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பருந்துக் குரலுக்கு அவை பதுங்க இடம் தேடின. மற்றதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன. இந்த அடிப்படை உண்மை இருப்பதால்தான் ஒலி ஆய்வுக்கே வழி இருக்கிறது.

நம்பிக்கை: துல்லியம் 97 விழுக்காடு என்றால், அலாரம் அடித்ததும் நம்பிவிடலாம்.

பண்ணையாளர் பணத்தை அதிகம் கரைக்கக்கூடிய நம்பிக்கை இதுதான். 2022-ல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழிகளின் துயரக்குரலைச் சாதாரண ஷெட் சத்தத்திலிருந்து பிரித்தறியும் ஆழ்கற்றல் மாதிரியை வெளியிட்டார்கள். செய்திகளில் அடிபட்ட எண் 97. நல்ல வேலைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரியில் 1,000 ஒலித்துண்டுகள் வருகின்றன, அவற்றில் 10-ல் மட்டுமே உண்மையான துயரக்குரல் என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்தப் பத்தையும் ஏறக்குறைய பிடித்துவிடும். மீதி 990-ல் 3 விழுக்காடு தவறினால், சுமார் 30 பொய் அலாரம். அடிக்கும் நான்கு அலாரங்களில் மூன்று பொய்! அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்தால் செலவு ஒரு பக்கம், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் இன்னொரு பக்கம்.

அலாரம் சரியாகவே இருந்தாலும், அது துயரம் என்று மட்டுமே சொல்லும். வெயில் உப்புசமா, பாம்பு புகுந்ததா, நோயா என்று சொல்லாது. நோய்க்கென்றே தனி ஆய்வு வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-ல் செய்தது அப்படிப்பட்டது: தொற்று மூச்சுக்குழாய் அழற்சி கண்ட கோழிகளின் கொரகொரப்பை மட்டும் கணினி தேடியது. ஒரே வரிசையில் தொடர்ந்து சில மணி நேரம் அலாரம் வந்தால் மட்டும் கால்நடை மருத்துவரை அழைப்பது என்ற விதியைச் சேர்த்தாலே பொய் அலாரம் பெருமளவு குறையும்.

நம்பிக்கை: பெரிய செயற்கை நுண்ணறிவு இருந்தால்தான் முடியும்.

கேத்தரின் ஹெர்போர்ன் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடிப் பதில். தலா 25,000-க்கு மேற்பட்ட குஞ்சுகள் கொண்ட 12 கறிக்கோழிக் கூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒலியின் ஆற்றல் அலைவரிசைகளில் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்ற ஒரே அளவுதான் அவர்கள் கருவி. அந்த அளவின்படி முதல் சில நாட்களில் துயரக்குரல் அதிகமாக இருந்த கூட்டங்களில் பின்னாளில் இறப்பு கூடுதலாகவும் எடை குறைவாகவும் இருந்தன.

நம்பிக்கை: வெளிநாட்டு மென்பொருளை வாங்கி மாட்டினால் போதும்.

மூடிய கட்டடத்தில் தரையில் வளரும் கறிக்கோழியிடம் பழகிய மாதிரிக்கு, இரு பக்கமும் திறந்த ஷெட்டில் கூண்டில் நிற்கும் முட்டைக்கோழியின் குரல் புதிது. லாரி ஹாரன், நீர்த்தூறல் தெளிக்கும் ஃபாகரின் இரைச்சல், காக்கை, தகரத்தில் விழும் மழை எல்லாம் இங்கே சேரும். ஆகவே ஒலிப்பதிவு இந்த ஊர் ஷெட்டுகளிலேயே நடக்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக் நாள் முழுக்கப் பதிந்தால் சுமார் 2.8 ஜிபி ஆகும். முட்டைக்கோழிக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது வழக்கம்; இருட்டான 8 மணி நேரத்தை மட்டும் பதிந்தால் மூன்றில் ஒரு பங்கே வரும், சத்தமும் தெளிவாக இருக்கும்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான். அன்றைய தீவன அளவு, முட்டை எண்ணிக்கை, இறப்பு, தடுப்பூசித் தேதி, மருத்துவரின் முடிவு எல்லாவற்றையும் அந்த ஒலியோடு ஒரே தரவுத்தளத்தில் இணைக்க வேண்டும். அந்தக் கணக்கு பண்ணை நோட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. நோயை உறுதிசெய்யும் அறிவு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. மென்பொருள் விற்க வருபவரிடம் பண்ணையாளர் முதலில் கேட்க வேண்டியது, அவர் கருவி எந்த ஊர் ஷெட்டில், எந்த இனக் கோழியிடம், யார் உறுதிசெய்த நோயைக் கேட்டுப் பழகியது என்பதைத்தான்.